மேனுவலா, அப்பெர்ச்சர் முன்னுரிமையா? தோட்டப்புறக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்பவர் எதில் தொடங்கலாம்

கையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், வாரக் கடைசியில் மட்டும் ஓய்வு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் புதிதாகப் படமெடுக்கத் தொடங்கும் பலருடைய நிலை இதுதான். காலைப் பனியில் செம்பனை நிரைகளையும் பின்னால் திதிவங்சா மலைத்தொடரையும் சேர்த்து எடுக்க ஆசைப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் ஒரேயடியாக வெளுத்திருக்கிறது, இல்லையென்றால் மரங்கள் எல்லாம் கறுத்திருக்கின்றன. அப்புறம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, மேனுவல்ல எடுத்தாதான் கத்துக்க முடியும்னு சொல்றாங்களே, நேரா அதுலயே இறங்கிடவா?"

வேண்டாம் என்பதே என் பதில். மேனுவலில் எல்லா எண்களையும் நாமே வைக்க வேண்டும். அப்பெர்ச்சர் முன்னுரிமையில் தொடங்குங்கள், அதில் லென்ஸின் துளையை நாம் சொல்வோம், ஷட்டர் நேரத்தை கேமரா கணக்கிடும். கேனனில் அது 'ஏவி', நிக்கோனிலும் சோனியிலும் 'ஏ'. மேனுவல் தேவைப்படும் இடங்கள் சில இருக்கின்றன, அவற்றைப் பிறகு சொல்கிறேன். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: லென்ஸின் துளை (அப்பெர்ச்சர்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன். துளையின் எண்கள் எஃப்/2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். எண் ஏற ஏறத் துளை சிறுத்து, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டரில் 1/30, 1/60, 1/125 என்று போனாலும் அதே பாதிக் கணக்கு. ஐஎஸ்ஓ 100, 200, 400 என்று ஏறினால் படத்தின் வெளிச்சம் இரட்டிப்பாகும், கூடவே புள்ளி புள்ளியான இரைச்சலும் ஏறும். இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் என்று பெயர். எஃப்/8, 1/60 என்று எடுத்த படமும் எஃப்/11, 1/30 என்று எடுத்த படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் கூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது காட்சிப் படத்துக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். மலை ஓடப்போவதில்லை. முக்காலி இருந்தால் ஷட்டர் அரை நொடி திறந்திருந்தாலும் கவலையில்லை. அதனால் ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்திவிடலாம். முன்னால் இருக்கும் மரத்திலிருந்து தூரத்து மலைவரை எல்லாம் தெளிவாக வேண்டும், அதற்கு எஃப்/8 அல்லது 11 போதும். மூன்றில் இரண்டு முடிந்துவிட்டது. மீதி ஷட்டர் நேரம். அதை கேமராவே கணக்குப் போட்டுத் தரும். கற்பவர் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: கேமரா போட்ட கணக்கு இந்தக் காட்சிக்குச் சரியா, தவறா? அப்பெர்ச்சர் முன்னுரிமை மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறது. அதனால்தான் அது நல்ல வாத்தியார்.

மற்ற வழிகள்

முழு ஆட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான கேமராக்களில் அந்த முறையில் வெளிச்சத்தைத் திருத்தும் பொத்தானே வேலை செய்யாது. விடியலின் மங்கல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் தானாக எழும்பிவிடும். மலைக்கு ஃபிளாஷ் அடித்து என்ன பயன்? துளையையும் ஷட்டரையும் கேமராவே தேர்வு செய்யும் 'பி' (புரோகிராம்) முறை அதைவிட ஒரு படி மேல், கோயில் திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் நன்றாக உதவும். ஆனால் வெளிச்சம் குறைந்ததும் அது துளையை அகலமாகத் திறக்கப் பார்க்கும். காட்சிப் படத்துக்கு நாம் கேட்பது அதற்கு நேர்மாறு.

ஷட்டர் முன்னுரிமையில் நேரத்தை நாம் சொல்கிறோம், துளையை கேமரா தேர்வு செய்கிறது. ஓடுகிற பிள்ளைகளுக்கும் பந்தாட்டத்துக்கும் அது சரி. விடியலில் 1/125 வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தால், லென்ஸ் முழுதாகத் திறந்த பிறகும் வெளிச்சம் போதாமல் படம் இருட்டாகத்தான் வரும்.

மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடும் முறையும் உண்டு. மலை மொங்கான் பறவை பறக்கும்போது எடுக்க அருமையான வழி. முக்காலியில் நிற்கும் கேமராவுக்கு அது பொருந்தாது, 100இல் இருக்க வேண்டிய ஐஎஸ்ஓ வெளிச்சம் குறையும்போதெல்லாம் தானாக ஏறிவிடும்.

கேமராவே இல்லை, கைப்பேசிதான் என்றால்? தாராளமாகத் தொடங்குங்கள். கைப்பேசி பல படங்களை ஒரே நொடியில் எடுத்துச் சேர்த்து, வானத்தையும் நிலத்தையும் தானே சமன் செய்துவிடுகிறது. பார்க்க நன்றாக இருக்கும், என்ன நடந்தது என்று மட்டும் தெரியாது. 'புரோ' முறைக்குப் போனால் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றலாம். துளையை மாற்ற முடியாது, ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் அது ஒரே அளவில் நிலையாக இருக்கும். ஆனால் திரையைத் தொட்டு மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் கூடிக் குறையும் அல்லவா, அந்த ஓர் அசைவு கேமராவில் நான் சொல்லப்போகும் பயிற்சிக்குச் சமம். அந்த விஷயத்தை மட்டும் கைப்பேசியிலேயே முழுசாகக் கற்றுவிடலாம்.

மேனுவலில் தொடங்குவது ஏன் வீண்

மேனுவலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிதானது: எல்லாவற்றையும் நீயே செய்தால்தான் எல்லாம் புரியும். நல்ல நோக்கத்தோடு சொல்வதுதான். ஆனால் புதியவர் மேனுவலில் உண்மையில் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வியூஃபைண்டருக்குள் ஒரு அளவுகோல் இருக்கும், நடுவில் பூஜ்ஜியம். முள் நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்புகிறார், வந்ததும் அழுத்துகிறார். அந்த முள் கேமராவின் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் கருவி, சொல்வதுதான். அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால், அப்பெர்ச்சர் முன்னுரிமை அரை நொடியில் தந்திருக்கும் அதே படம் வரும். வானம் அதே மாதிரி வெளுக்கும், மரம் அதே மாதிரி கறுக்கும். கை அதிகம் வேலை செய்தது, கண் புதிதாக எதையும் கற்கவில்லை.

நம் ஊரின் விடியல் இன்னொரு காரணம். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சூரியன் இங்கே சாய்வாக ஊர்ந்து வராமல் ஏறக்குறைய நேராக மேலே ஏறும். அதனால் விடியலும் அந்தியும் குறுகியவை, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வெளிச்சம் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற வேகத்தில் மாறும். மேனுவலில் இருப்பவர் ஒரு படம் எடுத்து, திரையைப் பார்த்து, திருத்தி, மீண்டும் குனிவதற்குள் அவர் வைத்த எண் பழசாகிவிடும். அப்பெர்ச்சர் முன்னுரிமையில் ஷட்டர் வெளிச்சத்தோடு தானே நகரும். நீங்கள் செய்த திருத்தம் மட்டும் அப்படியே நிற்கும்.

விடியல் என்றதும் நாலு மணிக்கு எழ வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து நம் சூரியன் கடிகாரப்படி தாமதமாகத்தான் உதிக்கிறது. பேராக்கில் ஆண்டு முழுக்க 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் உதயம், கிழக்கே மலை மறைப்பதால் நேர் வெயில் விழ இன்னும் சற்று நேரமாகும். ஆறே முக்காலுக்கு இடத்தில் இருந்தால் போதும். ஏர்கோன் போட்ட அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் மட்டும் லென்ஸில் பனி படிந்து அந்த நல்ல நேரம் வீணாகிவிடும். முதல் நாள் இரவே பையோடு ஏர்கோன் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். தோட்டத்துக்குள் போவதாக இருந்தால் அலுவலகத்திலோ காவலரிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது தனியார் நிலம்.

அப்பெர்ச்சர் முன்னுரிமையில் எதைக் கற்பது

கேமராவின் மீட்டருக்குக் காட்சி என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தர வெளிச்சமுள்ள சாம்பல் நிறப் பொருள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பனிமூட்டம் உண்மையில் வெள்ளை. கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், படம் மங்கிப்போகும். அடர்ந்த செம்பனைக் காட்டின் உள்பக்கம் உண்மையில் இருட்டு. அதையும் சாம்பலாக்கப் பார்ப்பதால் இருட்டெல்லாம் வெளிறி, இலை இடுக்கில் தெரியும் வானம் எரிந்துபோகும்.

இதைத் திருத்தத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான். அதன் பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது படத்தின் வெளிச்ச அளவைத் (எக்ஸ்போஷரை) திருத்துவது. எண்கள் ஸ்டாப் கணக்கு. பனி நிறைந்த காட்சியா, +1 வைத்துப் பாருங்கள், பனி பனியாகவே வெளுப்பாக வரும். நிழல் கவிந்த நிரையா, −2/3 அல்லது −1. மலைக்குப் பின்னால் வானம் சிவந்து மலை நிழலுருவாக நிற்கிறதா, அதற்கும் கழித்தல்தான், வானத்தின் நிறம் செறிவாகும். வெயில் ஏறிய பிறகு பச்சை இலையும் புல்லும் சமமாக நிறைந்த காட்சிக்குத் திருத்தமே தேவைப்படாமல் போகலாம்.

ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை −1, 0, +1 என்று எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பனிக்கு எது சரி, நிழலுக்கு எது சரி என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் காட்சியைப் பார்த்ததுமே "இது கூட்டல், இது கழித்தல்" என்று கை தானே போகும். எக்ஸ்போஷர் கற்பது என்று நான் சொல்வது இந்தத் திறமையைத்தான். எந்த முறைக்கு மாறினாலும் இது கூடவே வரும்.

கேமராவின் திரையை மட்டும் நம்ப வேண்டாம். இருட்டில் அது பளிச்சென்று காட்டும், வெயிலில் கறுத்துக் காட்டும். படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். இடது ஓரம் கருமை, வலது ஓரம் வெண்மை. வலது சுவரில் முட்டிக் குவிந்திருந்தால் வானத்தில் விவரம் போய்விட்டது என்று அர்த்தம். மாலையில் செம்மண் சடக்கை எடுக்கும்போது மட்டும் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். தாழ்ந்த வெயிலில் செம்மண்ணின் சிவப்பு மட்டும் தனியாக முட்டிக்கொண்டிருக்கும், பொது ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாமல் போகலாம். மண் ஒரே ஆரஞ்சுப் பூச்சாக வந்து, டயர் தடம்கூடத் தெரியாமல் போவது இதனால்தான்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முக்காலியில் வைத்து, 2 நொடி டைமரில் விட்டுவிட்டு, கண்ணை எடுத்துவிட்டு நிற்கிறீர்கள். உங்கள் முதுகுப் பக்கத்து வெயில் வியூஃபைண்டர் வழியாக உள்ளே போய் மீட்டரை ஏமாற்றும், படம் இருட்டாக வரும். கையாலோ தொப்பியாலோ மறைத்துக்கொள்ளுங்கள். மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை.

எஃப்/22 வரை போக வேண்டுமா

ஆன்சல் ஆடம்ஸ் முதலிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழு தொடங்கி, அதற்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பலர் துளை எவ்வளவு சிறுத்தாலும் அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தியவை பெரிய தகட்டு கேமராக்கள். நம் கையில் இருக்கும் சின்ன சென்சாரில் எஃப்/16க்கு மேல் போனால், குறுகிய துளையில் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதும் கொஞ்சம் மழுங்கும். எல்லாம் தெளிவாக வேண்டும் என்று செய்த காரியமே தெளிவைக் கெடுத்துவிடும்.

18 மில்லிமீட்டரில், இந்த லென்ஸோடு வரும் டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில், எஃப்/8இல் சுமார் 2 மீட்டர் தூரத்தில் ஃபோக்கஸ் வைத்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் அளவு இடைவெளியில்தான் நடுகிறார்கள். இரண்டு நிரைகளுக்கு நடுவில் நின்றால் அருகிலுள்ள மரம் எப்படியும் 4, 5 மீட்டர் தள்ளியிருக்கும். அந்த அடிமரத்தில் ஃபோக்கஸ் வைத்து எஃப்/8இல் எடுத்தால் கடைசி மரமும் அதற்கு அப்பால் மலையும் தெளிவாகவே வரும். 55 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்தால் இந்தக் கணக்கு மாறிவிடும், அப்போது ஃபோக்கஸ் வைக்க வேண்டிய அந்த 2 மீட்டர் தூரம் 19 மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போகும்.

காற்று அடித்தால் மட்டும் ஷட்டரைக் கவனிக்க வேண்டும். மட்டை ஆடும்போது 1/15 நொடியில் எடுத்தால் நுனியெல்லாம் கலங்கும். ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றி 1/125 பக்கம் கொண்டுவாருங்கள். கொஞ்சம் இரைச்சல் வந்தாலும் பரவாயில்லை, கலங்கிய இலையைப் பிறகு திருத்த முடியாது.

வானமும் நிலமும் ஒரே படத்தில்

இது அடுத்த முடிவு. கிழக்கே வானம் வெளுத்துவர, தோட்டம் இன்னும் இருட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் அடக்குவது கடினம். மூன்று வழிகள் இருக்கின்றன, இந்த ஊருக்கு மூன்றும் ஒரே அளவில் பொருந்தாது.

பாதி கறுப்பு, பாதி தெளிவு என்று வரும் கிராஜுவேட்டட் ஃபில்டர் முதலாவது. வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் அது நல்லது, அங்கே அடிவானம் நேர்கோடாக இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் வழியில் கந்தான் பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் தரையிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும்பி நிற்கும். அந்த மலைக்கு முன் இந்த ஃபில்டரைப் போட்டால் வானத்தோடு சேர்ந்து மலையின் மேல்பாதியும் கறுத்துவிடும். நம் பக்கத்துக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பேன்.

பிராக்கெட்டிங் இரண்டாவது. கேமராவே இருட்டாக ஒன்று, நடுவில் ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று படம் எடுக்கும், பிறகு கணினியில் சேர்க்கலாம். பாறைக்கும் கட்டடத்துக்கும் பிரமாதம். காற்றில் மட்டைகள் அசைந்தால் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும், சேர்த்த பிறகு ஓரமெல்லாம் பேய் நிழலாகத் தெரியும்.

நான் முதலில் சொல்லித் தருவது மூன்றாவது வழியை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள், வானம் வெளுக்காத அளவுக்குக் கழித்தலில் வையுங்கள், இருண்ட நிலத்தைப் பிறகு கணினியில் தூக்குங்கள். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. ஐஎஸ்ஓ 100இல் எடுத்த ராவில் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் விவரம் ஆச்சரியப்படும் அளவுக்கு மீண்டு வரும். வெளுத்துப்போன வானம் எதிலும் மீளாது. செலவு எதுவும் கிடையாது, கொஞ்சம் பெரிய மெமரி கார்டு இருந்தால் போதும். காற்றில்லாத காலையில் கூடவே மூன்று படம் பிராக்கெட் செய்து வைத்துக்கொள்வதிலும் நட்டமில்லை.

பணம் செலவழித்து ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் போலரைசர் வாங்குங்கள். மழைக்குப் பிறகு செம்பனை இலையில் மினுங்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிட்டுப் பச்சையை வெளியே கொண்டுவரும். அந்த வேலையைக் கணினியில் செய்ய முடியாது. ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும், ஷட்டர் அதற்கேற்பத் தானே நீளும்.

மேனுவலுக்கு எப்போது மாறுவது

மலைத்தொடரை இடமிருந்து வலமாக ஐந்தாறு படமாக எடுத்து ஒட்டும்போது மாறுங்கள். அப்பெர்ச்சர் முன்னுரிமையில் சூரியன் பக்கம் திரும்பியதும் கேமரா ஷட்டரைக் குறைத்துவிடும், ஒட்டினால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். மிக வெளிச்சமான பகுதியில் ஒரு முறை அளந்து, அதே எண்களை மேனுவலில் வைத்துப் பூட்டுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரவு வானமும் அப்படித்தான். மீட்டரால் இருட்டை அளக்க முடியாது. லென்ஸை முழுதாகத் திறந்து, 15 அல்லது 20 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

நீண்ட நேர ஷட்டர் மூன்றாவது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பட்டுபோல எடுக்க அரை நொடியிலிருந்து 2 நொடிவரை வேண்டும். மர நிழலில் எஃப்/11, ஐஎஸ்ஓ 100 வைத்து 1/30 வருகிறது என்றால், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை 6 ஸ்டாப் அளவில் போட்டதும் அது 2 நொடியாகும். 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1, 2 என்று விரலை மடக்கி எண்ணினால் போதும். ஃபில்டர் போடுவதற்கு முன் அப்பெர்ச்சர் முன்னுரிமையில் அளந்து, ஃபோக்கஸ் வைத்துப் பூட்டி, அப்புறம் மேனுவலுக்கு மாறி இந்த எண்ணை வையுங்கள். 10 ஸ்டாப் ஃபில்டராக இருந்தால் அதே 1/30 ஏறக்குறைய 34 நொடியாகிவிடும். பெரும்பாலான கேமராக்களின் சக்கரம் 30 நொடியோடு நின்றுவிடும் என்பதால் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறைக்குப் போய், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்து விட வேண்டும்.